பனியில் பொய்க்கால் நிற்குமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் புதுக்குடியிருப்பு. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 2009இல் ஷெல் விழுந்து இடக்கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அன்றிலிருந்து ஜெய்ப்பூர் கால்தான். தச்சுவேலை செய்கிறேன், சைக்கிள் ஓடுவேன், வயலுக்குள்ளும் இறங்குவேன். மனைவி ரொறன்ரோவில், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருக்கிறா. ஸ்பொன்சர் சரிவந்துவிட்டது, தை மாதம் போக வேண்டும். பனியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணர், "இரண்டு காலும் உள்ளவனே விழுந்து இடுப்பை முறிக்கிறான், நீ சித்திரைக்குப் பிறகு வா" என்கிறார். இங்கேயே மார்கழிக் குளிருக்கு வெட்டின கால் உளைகிறது. வலக்காலுக்குள்ளும் ஷெல் துண்டு கிடக்கிறது, பாதத்தில் பாதி விறைப்பு. அந்தக் குளிரில் என்ன ஆகும்? ரப்பர் கால் வெடித்துவிடுமா? போய் நாலு மாதம் வீட்டுக்குள் முடங்கி அவவுக்குப் பாரமாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

பதில்: தம்பி, தை மாதமே போங்கள். போகுமுன் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் போவதா பொறுப்பதா என்று கேட்டால் என் பதில் இதுதான்.

அண்ணர் சொன்னதில் பிழையில்லை. நான் கிளிநொச்சிக்குத் திரும்புமுன் ரொறன்ரோவில் இயன்மருத்துவராக வேலை செய்தபோது, தை, மாசி மாதங்களில் வந்தவர்களில் பலர் தங்கள் வீட்டு வாசலிலேயே விழுந்து மணிக்கட்டையோ இடுப்பையோ முறித்துக்கொண்டவர்கள். ஆனால் நீங்கள் சித்திரையில் போனாலும் கார்த்திகை, மார்கழியில் அதே பனி வரத்தான் போகிறது. அப்போது நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். விடியப்புற இருட்டில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் முதன்முதலாகப் பனியில் நடப்பதை விட, எங்கேயும் ஓட வேண்டிய தேவை இல்லாத முதல் மாதங்களில், மனைவியும் பக்கத்தில் இருக்க, ஆறுதலாகப் பழகுவது நல்லது. இன்னொன்றையும் பாருங்கள். நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரத்தில் ஒரு கடைசித் திகதி போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது மருத்துவப் பரிசோதனை செல்லுபடியாகும் 12 மாதத்தை வைத்து வருவது. அதைத் தவறவிட்டால் அலுவல் முழுவதும் சிக்கலாகிவிடும். பிற்போடச் சொல்லி யார் சொன்னாலும் முதலில் அந்தத் திகதியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் குளிரைப் பற்றியே இருக்கிறது. எனக்குக் குளிரை விட வழுக்கல்தான் பெரிய கவலை. குளிருக்கு உடுப்பு இருக்கிறது, வீட்டுக்குள் ஹீற்றர் இருக்கிறது. வழுக்கலுக்கு நீங்களேதான் பழக வேண்டும்.

கொட்டுகிற பனி ஆளை அவ்வளவாக விழுத்தாது. புதுப் பனியில் கால் புதையும், பாரமாக இருக்கும், ஆனால் பிடிக்கும். ஆபத்து அடுத்த நாள் வருவது. பகலில் கொஞ்சம் உருகி ஓடிய தண்ணீர் இரவில் மறுபடி உறைந்து தார் றோட்டின் நிறத்திலேயே கண்ணாடி போலப் படிந்துவிடும். பிளாக் ஐஸ் என்பார்கள். பார்த்தால் றோட்டு ஈரமாக இருக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். வெயில் ஏறுமுன் காலை நேரம், பாலங்களுக்கு மேலே, வீட்டுக் கூரைப் பீலியிலிருந்து தண்ணீர் சொட்டும் இடம், பஸ் தரிப்பிடத்தில் நூறு பேர் மிதித்து இறுகிய இடம், இவைதான் மோசம். உப்புக் கல் போட்டிருந்தால் காலடியில் நறநற என்று கேட்கும், அங்கே நம்பி நடக்கலாம். ஆனால் மைனஸ் 10 பாகைக்குக் கீழே குளிர் இறங்கினால் சாதாரண உப்பின் வேலை குறைந்துவிடும். பனி தள்ளும் வண்டி போன பிறகு சந்திகளில் றோட்டோரமாக ஒரு பனி மேடு கிடக்கும். அதைத் தாண்டிக் கடக்க வெளிக்கிடாதீர்கள். வெட்டி வழி விட்டிருக்கும் இடம் வரை நடந்து போய்க் கடவுங்கள்.

உங்களுக்கு ஏன் மற்றவர்களை விடக் கூடுதல் கவனம் வேண்டும் என்றால், நல்ல பாதம் வழுக்கத் தொடங்கிய கணத்திலேயே கணுக்கால் அதை உணர்ந்து உடம்பைத் திருத்திவிடும். பொய்க்கால் வழுக்குவது தொடைக்கும் இடுப்புக்கும் எட்டும்போது பாதி விழுந்திருப்பீர்கள். வலப் பாதத்திலும் பாதி விறைப்பு என்கிறீர்கள். ஆகவே பாதம் செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்ய வேண்டும். ஐந்தாறு அடி முன்னால் பார்த்து நடப்பது, காதில் பாட்டுப் போடாதது, கையைப் பொக்கற்றுக்குள் விடாதது, இருட்டில் கையில் ஒரு ரோர்ச் வைத்திருப்பது எல்லாம் அதற்காகத்தான்.

நடக்கிற முறை உங்களுக்குப் புதிதல்ல. மாரி மழையில் ஊறிய வயல் வரம்பில் எப்படிப் போவீர்கள்? எட்டி அடி வைக்க மாட்டீர்கள், குதியைக் குத்த மாட்டீர்கள். அடியைச் சுருக்கி, பாதம் முழுவதையும் ஒன்றாக வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர விட்டு, வைத்த காலுக்கு மேலே உடம்பு வந்த பிறகுதான் மற்றக் காலைத் தூக்குவீர்கள். ஐஸிலும் அதேதான். இப்போது காலபோகம், வரம்பெல்லாம் ஈரம். பயணம் வரை தினமும் கொஞ்ச நேரம், சப்பாத்துப் போட்டுக்கொண்டு, அதைப் பழகுங்கள். பின்னேரத்தில் சுவரோரம் நின்று, பொய்க்காலில் மட்டும் பாரத்தைக் கொடுத்து மெல்ல எண்ணுங்கள். பக்கவாட்டில் படுத்துக்கொண்டு மேலே இருக்கிற காலை நேராக உயர்த்தி இறக்குங்கள், இரண்டு பக்கமும். வழுக்கும்போது உங்களைப் பிடித்து நிறுத்துவது இந்த இடுப்புப் பக்கத் தசைதான்.

விழவே மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். விழும்போது கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். நாடியை நெஞ்சோடு சேர்த்து, பக்கவாட்டாக, தொடைச் சதையில் விழப் பாருங்கள். தடித்த ஜக்கெற் பாதி அடியைத் தாங்கும். விழுந்ததும் பதறி எழும்பாதீர்கள். ஐஸிலேயே எழும்ப முயன்றால் இரண்டாம் முறையும் விழுவீர்கள். நாலு காலில் ஊர்ந்து, பனி குவிந்த ஓரத்துக்கோ புல் பக்கத்துக்கோ போய், வலக்காலை முதலில் ஊன்றி எழும்புங்கள். இதையும் இங்கே முற்றத்தில் பழகலாம். சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இனிச் சப்பாத்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதைக் கவனிக்காமல் போய் அங்கே அவதிப்படுகிறார்கள். ஜெய்ப்பூர் கால் 1968இல் இந்தியாவில் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது. வெறுங்காலோடு வயலிலும் முற்றத்திலும் நடக்கிற எங்கள் போன்றவர்களுக்காகவே செய்த கால். அதனால்தான் நீங்கள் அதோடு வயலுக்குள் இறங்குகிறீர்கள். ஆனால் அதற்குக் குதி உயர்ந்த சப்பாத்தை மாட்டினால் பாதத்தோடு சேர்த்து முழுக் காலும் முன்னுக்குச் சாயும். முழங்கால் மடியப் பார்க்கும். சமதரையிலும் இறக்கத்தில் இறங்குவது போலவே இருக்கும். ஐஸில் அது போதும் ஆளை விழுத்த. ஆகவே குதிக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் மிகக் குறைந்த, அடி தட்டையான பூட்ஸ்தான் உங்களுக்குச் சரி.

பொய்க்காலின் கணு நல்ல காலைப்போல மடியாது. அதனால் உயரமான பூட்ஸுக்குள் அதை நுழைப்பது பெரிய பாடு. முன்பக்கமோ பக்கவாட்டோ கீழ்வரை சிப் திறக்கிறதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பாதத்துக்கு மேலே ஒரு மெல்லிய பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு நுழைத்தால் வழுக்கி உள்ளே போகும், பிறகு பையை உருவி எடுத்துவிடலாம். இப்போது செய்து பாருங்கள், எவ்வளவு இலேசு என்று தெரியும்.

விலை கூடின பூட்ஸ் என்றால் வழுக்காது என்று நினைக்க வேண்டாம். ரொறன்ரோ புனர்வாழ்வு நிறுவனத்தில் உண்மையான ஐஸ் பரப்பிய ஆய்வுகூடத்தில் பனிக்காலச் சப்பாத்துகளைச் சோதிக்கிறார்கள். 2016இல் அவர்கள் 98 வகைகளைச் சோதித்து வெளியிட்டபோது பத்தில் ஒன்று கூடத் தேறவில்லை. தேறியவற்றுக்குப் பனிப்பூக் குறியிட்டு இணையத்தில் பட்டியல் போடுகிறார்கள். மனைவியை அந்தப் பட்டியலைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். சப்பாத்துக்கு வெளியே மாட்டுகிற ஆணிப் பட்டியும் இருக்கிறது. ஐஸில் அது நல்ல காவல். ஆனால் கடைக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ ஏறுமுன் கழற்ற வேண்டும், மொசைக் தரையில் அதுவே வழுக்கும். குனிந்து கழற்றுவது உங்களுக்குச் சிரமமென்றால் ஊன்றுகோல் நல்லது. அதன் நுனியில் மடக்கி விரிக்கிற இரும்பு முனை பூட்டலாம், உள்ளே போகும்போது மடித்துவிட்டால் சரி. ஊர்ச் சனம் கண்டால் என்ன நினைக்கும் என்று ஊன்றுகோலை வேண்டாம் என்கிற இளம் ஆட்களை நான் நிறையப் பார்க்கிறேன். அங்கே பனிக்காலத்தில் உங்கள் கையில் கோல் இருப்பதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ரப்பர் வெடிக்குமா என்று கேட்டீர்கள். நல்ல ரப்பர் அந்தக் குளிருக்கு வெடிக்காது. கொஞ்சம் இறுகும், குதி வைக்கும்போது வழமையான மெத்துமை இருக்காது. ஏற்கனவே கீறல் இருந்தால் அது பெருக்கலாம். ஆகவே போகுமுன் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கீறல் கண்டால் பாதத்தை மாற்றுங்கள். அங்கே காலைத் தாக்கப் போவது றோட்டு உப்பு. பட்டிக் கொளுக்கியிலும் ஆணியிலும் ஏறிக் கறள் பிடிக்க வைக்கும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காய விடுங்கள். ஹீற்றருக்கு மேலே மட்டும் வைக்காதீர்கள். வெட்டின காலை நுழைக்கிற கிண்ணம், அதாவது சொக்கெற், பிளாஸ்ரிக். சூட்டில் வடிவம் மாறினால் பிறகு காலுக்குப் பொருந்தாது.

குளிரில் வெட்டின கால் கொஞ்சம் சுருங்கும். சொக்கெற் தளர்ந்து உள்ளே மேலும் கீழும் போய்வரும், தோல் உரசும். ஒரு காலுறை கூடுதலாகப் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். கடைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ போனால் சூடு, ஜக்கெற்றுக்குள் வியர்க்கும், காலுறை நனையும். நனைந்த பருத்திக் காலுறையோடு மறுபடி வெளியே வந்தால் அந்த ஈரமே குளிரை இழுத்துத் தோலில் வைக்கும். பையில் எப்போதும் இரண்டு மூன்று காய்ந்த காலுறை இருக்கட்டும். உடம்புக்கும் இதே கதைதான், தோலோடு ஒட்டுகிற உடுப்பு பருத்தியாக இருக்கக் கூடாது. கம்பளி அல்லது தேர்மல், அதற்கு மேலே ஸ்வெற்றர், அதற்கு மேலே காற்று நுழையாத ஜக்கெற். இங்கே கொழும்பில் அலைந்து ஜக்கெற் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். மனைவி விமான நிலையத்துக்குக் கொண்டு வரட்டும்.

உளைவு அங்கே கூடத்தான் செய்யும், மறைக்க மாட்டேன். கிளிநொச்சியில் மார்கழி இரவு 21, 22 பாகை. ரொறன்ரோவில் தை மாத இரவு மைனஸ் 7, 8 என்பது சாதாரணம், சில நாள் மைனஸ் 20க்கும் போகும். இல்லாத பாதம் எரிவது, விரல் முறுகுவது போன்ற வலியும் முதல் வாரங்களில் எழும்பலாம். வெளியே போகுமுன்பே காலைச் சூடாக வைத்திருந்தால் பாதி குறையும். குளிர்ந்த பிறகு சூடாக்குவது நேரமெடுக்கும். இரவில் நித்திரை கெடுகிற அளவுக்கு வந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், இந்த நரம்பு வலிக்கென்றே மருந்துகள் உண்டு.

இந்தக் குளிரில் நான் அதிகம் பயப்படுவது உங்கள் வலப் பாதத்துக்குத்தான். விறைத்த தோலுக்குக் குளிர் சுடுவது தெரியாது. காற்று வேறு சேர்ந்தால், மைனஸ் 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20. வானிலை அறிவித்தலில் இரண்டையும் சொல்வார்கள், இரண்டாவதைக் கேளுங்கள். அது மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் உறையத் தொடங்கலாம். அப்படியான நாளில் அவசியமில்லாமல் வெளியே போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் காலுறையைக் கழற்றி விரல் விரலாகக் கண்ணால் பாருங்கள். எங்கள் நிறத்துத் தோலில் உறைந்த இடம் சாம்பல் பூத்து, மெழுகு போலத் தெரியும். அப்படிக் கண்டால் தேய்க்கக் கூடாது, பனியால் தேய்க்கவே கூடாது, நெருப்புக்கும் ஹீற்றருக்கும் பக்கத்தில் நீட்டக் கூடாது. விறைத்த தோல் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. 37 முதல் 39 பாகை வரையான இளஞ்சூட்டுத் தண்ணீரில் வையுங்கள். சூட்டை மனைவி கை விட்டுப் பார்க்க வேண்டும், நீங்கள் பாதத்தால் பார்க்கக் கூடாது. நிறம் திரும்பாவிட்டால் ஆஸ்பத்திரி. சிகரெட் பழக்கம் இருந்தால் இதைச் சாட்டியாவது விடுங்கள். விரல் நுனிக்குப் போகிற இரத்தத்தை அது இன்னும் குறைக்கும்.

வீட்டுக்குள் ஹீற்றர் காற்று வறண்டது. வெட்டின இடத்துத் தழும்பு கடிக்கும், வெடிக்கும். கிறீமோ தேங்காயெண்ணெயோ இரவில் காலைக் கழற்றிய பிறகு பூசுங்கள். காலையில் பூசிவிட்டுக் காலைப் போட்டால் வழுக்கி உரசும்.

பேஸ்மென்ற் என்றதும் எனக்கு முதலில் நினைவு வந்தது அதற்கு இறங்குகிற படிதான். பல வீடுகளில் அது வெளியே, பக்கச் சுவரோரமாக, வெயில் படாத இடத்தில் இருக்கும். ஐஸ் அங்கே நாட்கணக்கில் கிடக்கும். இரண்டு பக்கமும் கைபிடி இருக்கிறதா, மின்குமிழ் எரிகிறதா என்று இப்போதே கேளுங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் பேச அவவுக்கு நேரம் இருக்கிறது. கதவுக்கு உள்ளே ஒரு வாளி உப்பு, ஒரு கோப்பை. வெளியே போகுமுன் முதல் இரண்டு படிக்கு எறிந்துவிட்டு நின்று போங்கள். ஏறும்போது வலக்கால் முதலில், இறங்கும்போது பொய்க்கால் முதலில், கை எப்போதும் கைபிடியில். றோட்டில் மனைவி உங்கள் கையைப் பிடிக்கக் கூடாது. வழுக்கினால் இருவரும் விழுவீர்கள். நீங்கள் அவவின் முழங்கையைப் பிடியுங்கள், தேவையென்றால் விட்டுவிடலாம்.

ஒரு விடயத்தை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். பனி கொட்டின இரவில், விடியப்புறம் மூன்று நாலு மணிக்கு, பனி தள்ளும் வண்டி வரும். இரும்பு றோட்டைச் சுரண்டுகிற சத்தம், பாரம் விழுகிற அதிர்வு, யன்னலில் சுழல்கிற வெளிச்சம். நீங்கள் பதினைந்து பதினாறு வயதில் எங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். திடுக்கிட்டு எழும்புவீர்கள், நெஞ்சு அடிக்கும். அது என்ன சத்தம் என்று மனைவிக்கும் தெரியும், இனி உங்களுக்கும் தெரியும். முதல் தடவை எழும்பிப் போய் யன்னலால் பாருங்கள். அதன் பிறகும் ஒவ்வொரு முறையும் உடம்பு நடுங்கினால், நித்திரை போனால், குடும்ப வைத்தியரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். மார்கழி, தையில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெயில் இருந்தாலும் அந்த மாதங்களில் தோலில் வைற்றமின் டி உருவாகிற அளவுக்கு அதில் உறைப்பு இருக்காது, எங்கள் நிறத்துக்கு இன்னும் குறைவு. குளிசையாக எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டு எடுங்கள். மத்தியான வெளிச்சத்தில் ஒருதடவை வெளியே போய் வருவதைக் கைவிடாதீர்கள். மனம் சோராமல் இருக்க அது வேண்டும்.

போய் இறங்கியதும் ஓஹிப் என்கிற மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைத்தால் ஒன்ராறியோ மாகாணத்தின் உதவிச் சாதனத் திட்டம் சாதாரண செயற்கைக் காலின் செலவில் 75 வீதத்தைக் கொடுக்கும். மிச்சத்துக்கு வோர் ஆம்ப்ஸ் என்ற அமைப்பு உதவி செய்கிறது. முதலாம் உலகப் போரில் உறுப்பிழந்தவர்கள் 1918இல் தொடங்கியது, இன்றைக்கு அங்கே வசிக்கிற உறுப்பிழந்தவர்கள் யாரும் பதியலாம். புதுக் கால் கிடைத்தாலும் ஜெய்ப்பூர் காலை எறியாதீர்கள், ஈரத்துக்கும் தோட்டத்துக்கும் அது நிற்கட்டும். மாவட்ட வைத்தியசாலையில் உங்கள் காயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எக்ஸ்றே பிரதியும் எடுத்துக்கொண்டு போங்கள். வலக்காலுக்குள் உலோகத் துண்டு இருப்பது அதில் எழுதியிருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். அதற்குள் போகுமுன் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லுங்கள். விமானத்தில் நெடுநேரம் காலைக் கழற்றி வைக்காதீர்கள், வீங்கினால் இறங்கும்போது ஏறாது. பட்டியைத் தளர்த்தினால் போதும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் பன்டேஜை நன்றாகச் சுற்றி வையுங்கள்.

பாரம் என்று எழுதியிருந்தீர்கள். எறிகணைக்குப் பிறகு இந்தக் காலோடு நிற்கப் பழகி, தொழில் பழகி, வயலுக்குள்ளும் இறங்கிய ஆள் நீங்கள். முதல் பனிக்காலத்தில் நாலைந்து வாரம் மனைவியின் முழங்கையைப் பிடித்து நடப்பதைப் பாரம் என்று அவ நினைப்பா என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் இந்தப் பயத்தை எனக்கு எழுதிய மாதிரியே அவவிடமும் சொல்லுங்கள். அங்கே வாங்க வேண்டியது, கேட்க வேண்டியது எல்லாம் அவ கையில்தான் இருக்கிறது.

பூட்ஸ் வாங்கியதும் அதன் அடியில் குதி எவ்வளவு தடிப்பு, முன்பாதம் எவ்வளவு தடிப்பு என்று அடிமட்டத்தால் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் தச்சர், அந்த வித்தியாசத்துக்கு ஒரு சரிவுப் பலகை சீவ உங்களுக்குச் சில நிமிடம் போதும். குதி உயர்ந்த பக்கத்தில் வரும்படி பொய்க்காலை அதில் வைத்து நேராக நின்று பாருங்கள். முழங்கால் முன்னுக்குத் தள்ளுகிறதென்றால் பலகையோடு வந்து என்னைக் காணுங்கள். முன்பாதத்துக்குக் கீழே வைக்க ஒரு தடித்த உள்ளடி இங்கேயே வெட்டித் தரலாம். வெள்ளிக்கிழமை காலை வந்தால் கூட்டம் குறைவு.